சிடி நுழையாத பெட்டி

“கேம் பெட்டி விக்கணும்னா ஒரு தடவையாவது கேம் விளையாடியிருக்கணும்லா? நீ என்ன விளையாடியிருக்க? ஆடு புலி ஆட்டமா?”

நேர்காணல் அன்று கிளை மேலாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘ஆடு வளர்ப்பு’ என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற இசக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் அந்தக் கடையில் எனக்கு ஒரு வருடம் மூத்தவன்.

“விளையாடினது இல்ல சார். ஒரு வாரம் குடுங்க, படிச்சிட்டு விக்கேன்” என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். என்னை அதிகமாகக் குத்துவதும் அதே பதில்தான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காடு. என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம் முடித்த முதல் ஆளும் நானே. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஆறு வருடம் நின்றேன். நின்றேன் என்று சொல்வதுதான் சரி, விற்பனைப் பிரிவில் உட்கார நாற்காலி கிடையாது. இப்போது வேறு கடையில், விற்பனைக்குப் புதிதாகச் சேர்ந்த உங்களோடு நிற்கிறேன். முப்பது வயதுகூட ஆகாத என்னிடம் வந்து, “அக்கா, உங்க அனுபவத்தச் சொல்லுங்க” என்று கேட்கிறீர்கள். பில் போடுவதும் டிவியில் இணைத்துக் காட்டுவதும் உங்களுக்கு ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. கடையில் ஆள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, மேலாளர் பின்னால் நின்று மூச்சு விடும்போது, என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை.

முதலில் இந்தத் தொழிலின் கணக்கு உங்களுக்குப் புரிய வேண்டும். வீட்டு டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியை இரண்டு பெரிய கம்பெனிகள் போட்டி போட்டு விற்றுக்கொண்டிருந்தன. ஒன்றின் பெட்டி கறுப்பு, மற்றதன் பெட்டி வெள்ளை. கடைக்குள் நாங்கள் கறுப்பன், வெள்ளையன் என்றே பேசிக்கொள்வோம். கறுப்பன் விலை இறங்கினால் அடுத்த வாரமே வெள்ளையனும் இறங்குவான். இப்படி இறங்கிக்கொண்டே போனால் கம்பெனிக்கு என்ன மிஞ்சும் என்று எனக்கு ஆரம்பத்தில் விளங்கவேயில்லை. ஒரு மிக்சி விற்றால் கடைக்குக் கிடைப்பதுகூட அந்தப் பெட்டியில் கிடைக்காது.

தலைமை அலுவலகத்திலிருந்து வீடியோவில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியாளர் சொன்னார்: “பெட்டியில லாபம் தேடாதீங்க. பெட்டியை வீட்டுக்குள்ள அனுப்புங்க. அதுக்கப்புறம் வாங்குற ஒவ்வொரு கேம்லயும், வருஷச் சந்தாவுலயும்தான் கம்பெனிக்கு லாபம். நமக்கு சிடி, கூடுதல் கன்ட்ரோலர், வாரன்டி நீட்டிப்பு.” இதையே படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

“இது வாரத்துக்கு ஆடு விடுத மாதிரிலா சார்” என்றேன்.

எங்கள் பக்கம் வசதியுள்ளவர்கள் இல்லாதவர்களிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, ஆடு விடுவார்கள். ஆட்டுக்கு விலை கிடையாது. சும்மா கொடுப்பார்கள். தழை ஒடிப்பதும் தண்ணி காட்டுவதும் நோய் வந்தால் பார்ப்பதும் வளர்ப்பவர் பாடு. ஈனுகிற குட்டியில் பாதி ஆட்டுக்காரருக்குப் போகும். என் அப்பா பாதி ஆயுளை அப்படித்தான் வளர்த்துக் கழித்தார்.

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏலே இசக்கி, கேட்டியா? கம்பெனிக்காரன் ஊரு பூரா ஆடு விட்டிருக்கானாம்லே!”

அடுத்த மாதம் ஏரியா மேலாளர் கடைக்கு வந்தபோது, அதே மேலாளர் அவரிடம், “இது நம்ம ஊர்ல வாரத்துக்கு ஆடு விடுத கணக்குதான் சார், நான் பயலுவளுக்கு அப்படித்தான் விளக்குதேன்” என்றார். ஏரியா மேலாளர் கைகொடுத்தார். நான் இரண்டடி தள்ளி நின்று கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நம் வீட்டுத் தொழில் அவர்களுக்குக் கேலி. நம் வீட்டு அறிவு மட்டும் வேண்டும். உங்களுக்கும் இது நடக்கும். நடக்கும்போது, அந்தப் பேச்சு முதலில் யாருடையது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அன்றைக்கு வாயை மூடிப் பழகியதுதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

ஆறாவது வருடம், சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழா சமயத்தில், கிளைகளுக்கு இடையே ஒரு விற்பனைப் போட்டி வைத்தார்கள். மாத முடிவுக்குள் கேம் பெட்டி அதிகமாக விற்கிற கிளைக்குக் கேடயம், மேலாளருக்குப் பதவி உயர்வுக்கு ஒரு படி. எங்களுக்கும் தென்காசிக் கிளைக்கும்தான் இழுபறி. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பலகை வரும். யார் எத்தனை என்று நேரத்துக்கு நேரம் மாறும். அதில் எங்கள் கிளை ஒன்று இறங்கினாலும் மேலாளர் முகம் செத்துவிடும்.

எண்ணிக்கை மட்டும் ஏறினால் போதாது, லாபமும் வேண்டுமாம். அதனால் வாய்மொழியாக ஓர் உத்தரவு வந்தது. பெட்டி தனியாக வெளியே போகக் கூடாது. சிடியோ வாரன்டியோ சேர்த்து வாங்கினால்தான் பெட்டி. தனியாகக் கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்ல வேண்டும்.

அந்த வாரம் புளியங்குடியிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். எலுமிச்சங்காய் மார்க்கெட்டில் ஏலக்கடையில் வேலை. கூட ஏழாவது படிக்கிற மகள். தபசு பார்க்க வந்தவர்கள், கூட்டத்தில் நசுங்கி, வேர்த்து வடிந்து கடைக்குள் நுழைந்தார்கள்.

“தாயி, அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம். சிடி அவ சித்தி வீட்ல இருக்கு.”

மேலாளர் கல்லாப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார்.

“ஸ்டாக் இல்லண்ணாச்சி” என்றேன்.

அந்தப் பிள்ளை மேல் தட்டைக் காட்டியது. “அப்பா, அந்தா இருக்கு பாருங்க. மூணு இருக்கு.”

“அது காலிப் பெட்டி மக்கா. சும்மா அழகுக்கு வச்சிருக்கோம்.”

பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தது. நம்பவில்லை. அப்பா நம்பினார். கடையின் சீருடையும், கழுத்தில் தொங்கிய அட்டையும், வாயில் வந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையும் போதுமானதாக இருந்தன. “படிச்ச பிள்ள சொல்லுது, வாடி” என்று மகளை இழுத்துக்கொண்டு போனார். என் அப்பாவும் இப்படித்தான் உரக்கடையில், வங்கியில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் சீருடையை நம்பித் திரும்பி வருவார்.

எதிரே கண்ணுக்குத் தெரிகிற பொருளை இல்லை என்று சொல்லச் சொன்னது கடை. சொன்னது நான். இரண்டையும் நான் பிரித்துப் பேசுவதில்லை, நீங்களும் பிரிக்காதீர்கள்.

அடுத்த வாரம் வெள்ளையனில் ஒரு புது மாடல் வந்தது. விலை பல ஆயிரம் குறைவு. எப்படிக் குறைத்தார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கணினியில் அதற்கு ஒரு காம்போ போட்டிருந்தார்கள். பெட்டியோடு மூன்று சிடி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. பெட்டி ஒன்று போனால் பலகையில் ஒன்று ஏறும், சிடியில் லாபமும் சேரும். மேலாளருக்கு வாயெல்லாம் பல். “முத்துச்செல்வி, இன்னிக்கு இதத்தான் தள்ளுத” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புளியங்குடி அண்ணாச்சி மகளோடு மறுபடியும் வந்தார்.

“கறுப்புப் பெட்டி வந்திருச்சா தாயி?”

“இல்லண்ணாச்சி. ஆனா இது அதவிட வெல கொறைவு. மூணு சிடியும் சேந்தே வருது.”

அவர் மகளைப் பார்த்தார். பிள்ளை தலையாட்டியது. வாங்கிக்கொண்டார். “பொறந்த நாளு இன்னும் பத்து நாள் இருக்கு. அன்னிக்குத்தான் பிரிக்கணும், கேட்டியா” என்று மகளை மிரட்டிக்கொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை கோமதியக்கா வந்தார். சங்கரன்கோவிலில் கோமதியம்மன் பேரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. இவர் விசைத்தறிப் பட்டறையில் நூல் சுற்றுபவர். வீட்டின் முன்னறை ஒரு டியூஷன் சென்டருக்கு எதிரே இருந்தது. அதில் ஒரு டிவியும் கேம் பெட்டியும் வைத்து, மணிக்கு இவ்வளவு என்று பிள்ளைகளை விளையாட விடத் திட்டம். அக்கா எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். பழைய சிடி எங்கே சகாயமாகக் கிடைக்கும், ஒரு விளையாட்டு சலித்துவிட்டால் யாரிடம் மாற்றலாம் என்பது வரைக்கும் தெரியும். அந்த யோசனையே பழைய சிடியை நம்பித்தான் நின்றது. சீட்டு எடுத்த பணத்தை மடியில் முடிந்துகொண்டு வந்திருந்தார்.

“சிடி போட்டு வெளையாடுத பெட்டிதான பிள்ள இது?”

அந்த நேரம் பலகையில் தென்காசி எங்களைத் தொட்டுவிட்டது. பின்னால் மேலாளர். முன்னால் இன்னும் நாலு பேர். திரையில் பார்த்தேன்: பெட்டி ஒன்று, சிடி மூன்று.

“ஆமாக்கா. சிடி கூடவே வருதுல்லா” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்த உடனே அக்கா வந்துவிட்டார். பெட்டியை ஒரு நூல் சாக்கில் போட்டுத் தலையில் சுமந்துகொண்டு வந்திருந்தார். சாக்கை மேசை மேல் இறக்கி, வெள்ளையனை வெளியே எடுத்தார்.

“பிள்ள, எனக்கு ஒண்ணே ஒண்ணு காட்டிரு. சிடியை எங்கன போட? மேல பாத்தேன், கீழ பாத்தேன், கவுத்திப் போட்டும் பாத்தேன். ஒரு ஓட்டை இல்ல. எங்க வீட்டு மனுசன் காத்துப் போற சந்துல சொருகப் பாத்தாரு. கையத் தட்டிவிட்டேன். வெளிய பத்துப் பயலுவ காசோட வரிசையில நிக்கான். ஒருத்தன் சொல்லுதான், யக்கா, ஒங்கள நல்லா ஏமாத்திட்டாங்கன்னு.”

இசக்கி சிரித்தான். நான் அட்டைப்பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கம், கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி. இந்த மாடலில் டிஸ்க் போடும் வசதி இல்லை, விளையாட்டுகளை இணையத்தில் வாங்கி இறக்கிக்கொள்ள வேண்டும்.

விலை எப்படிக் குறைந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சிடி போடும் பாகத்தையே எடுத்துவிட்டார்கள். இனி பழைய சிடி வாங்க முடியாது, மாற்ற முடியாது, விற்கவும் முடியாது. ஒவ்வொரு விளையாட்டையும் கம்பெனியின் கடையில், கம்பெனி சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். வாரத்துக்கு விட்ட ஆட்டில் பாதிக் குட்டியாவது வளர்த்தவருக்கு மிஞ்சும். இது மொத்தக் குட்டியும் ஆட்டுக்காரருக்கே போகிற ஏற்பாடு. அந்தப் பெட்டியோடு மூன்று சிடியைக் கட்டி விற்கச் சொன்னது எங்கள் தலைமை அலுவலகம். கிடங்கில் தேங்கிக் கிடந்த சிடிகளைத் தள்ளிவிட, எது வருகிறதோ அதோடு கட்டியிருக்கிறார்கள். அங்கே இருக்கிறவர்களும் பெட்டியைத் திருப்பிப் படிக்கவில்லை.

நானும் படிக்கவில்லை. ‘படிச்சிட்டு விக்கேன்’ என்று சொல்லி வேலையில் சேர்ந்தவள் நான். எழுத்துக் கூட்டத் தெரியாத வீட்டிலிருந்து வந்து, எல்லாவற்றையும் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். அட்டையில் ஒரு வரி படிக்காமல் விற்றேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. குரலைத் தாழ்த்தி, சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? அது படிக்காத பொம்பள. நைசாப் பேசு. ஒரு அக்கவுண்ட் தொறந்து குடு, அப்படியே ஒரு வருஷச் சந்தா வித்துரு. அதுக்கும் கேம் கெடச்ச மாதிரி ஆச்சு, நமக்கும் ஒரு பில் ஆச்சு.”

நாம் செய்த தப்பைத் தட்டிக் கேட்க வந்த அக்காவிடம் இன்னொரு பொருளை விற்கச் சொன்னார். இதை வாசிக்கிற உங்களில் யாராவது, பரவாயில்லையே, கெட்டிக்காரர் என்று நினைத்தால், தயவுசெய்து இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

“சார், எங்கம்மாவும் படிக்காத பொம்பளதான்” என்றேன்.

“அதுக்கு?”

“அந்த அக்கா கேட்டது சரியான கேள்வி. படிச்ச நான்தான் தப்பாச் சொன்னேன். ரிட்டர்ன் எடுங்க சார்.”

அவர் முகம் மாறியது. “ஏட்டி, நீ யாருக்கு வேல பாக்க? ஞாயித்துக்கெழம ராத்திரியோட போட்டி முடியுது. தென்காசிய விட ஒண்ணே ஒண்ணு முன்னால நிக்கோம். ரிட்டர்ன் போட்டா பலகையில கொறையும்லா? திங்கக்கெழம வரச் சொல்லு.”

கோமதியக்காவுக்குக் காது கூர்மை. தறிச் சத்தத்தில் பேசிப் பழகியவர், குரலும் பெரிது.

“திங்கக்கெழமயா? அது வரைக்கும் இங்கனயே உக்காந்துக்கிடுதேன். பட்டறைல பத்து மணி நேரம் நிக்கவ, ஏசியில உக்கார மாட்டனா?” என்று சொல்லி, மாடிப்படியின் கீழ்ப்படியில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். “யய்யா, என்ன வாங்க வந்திய? எது வாங்குனாலும் ஓட்டை இருக்கான்னு பாத்து வாங்குங்க.” ஃபிரிட்ஜ் பார்க்க வந்த ஒரு பெரியவர் பயந்துபோய் ஃபிரிட்ஜின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

இடையில் நான் திரும்பப் பெறும் படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் ‘விற்பனையாளர் தவறான தகவல் சொன்னார்’ என்று எழுதி, கீழே என் பெயரும் பணியாளர் எண்ணும் போட்டு மேலாளர் மேசையில் வைத்தேன். ஆறு வருடத்தில் அந்தக் கட்டத்தில் யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. எல்லோரும் ‘வாடிக்கையாளர் மனம் மாறினார்’ என்றுதான் எழுதுவோம். அவர்கள் மனம் மாறியதே கிடையாது. நாம்தான் மாற்றிச் சொல்லியிருப்போம்.

ஒரு மணி நேரத்தில் மேலாளர் இறங்கி வந்தார். சிடி போடும் மாடலை அதே விலைக்குக் கொடுத்தார். படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பலகையில் எண்ணிக்கை குறையக் கூடாது என்று, திரும்பி வந்த வெள்ளையனைக் கணக்கில் காட்டாமல் மேசைக்கு அடியில் தள்ளினார். அக்கா புதுப் பெட்டியை அங்கேயே பிரிக்கச் சொல்லி, சிடி ஒன்றைப் போட்டு, உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் சாக்கில் கட்டினார். போகும்போது என் கன்னத்தைத் தட்டினார். “நீ நல்லா வருவ பிள்ள. கொஞ்சம் பாத்துச் சொல்லு.”

அந்தக் காம்போவை எங்கள் கிளையில் இரண்டு பேருக்குத்தான் விற்றிருந்தோம். மற்றவர் புளியங்குடி அண்ணாச்சி. அன்றைக்கே அவருக்குப் போன் செய்தேன். “பிரிக்காதீங்கண்ணாச்சி, ஒடனே கொண்டுவாங்க” என்றேன். சனிக்கிழமை காலை ஏலத்தை விட்டுவிட்டு மகளோடு வந்தார். பெட்டியில் ஒட்டியிருந்த நாடாகூடக் கிழியவில்லை.

மேலாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீ வாங்கிவரச் சொன்னார். “அண்ணாச்சி, தப்பு எங்க பேர்லதான். திங்கக்கெழம வாங்க. நீங்க மொதல்ல கேட்ட கறுப்புப் பெட்டியே தாரேன்.”

இன்னொரு பெட்டியையும் மேசைக்கு அடியில் ஒளித்தால் ஸ்டாக் கணக்கில் மாட்டிக்கொள்வார், அதனால் போட்டி முடிகிற வரைக்கும் தள்ளிப்போட்டார். கடையின் விதி, வாங்கிய ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோடு ஏழு நாள் முடிகிறது. அது எனக்குத் தெரியும். “சார், நாளையோட...” என்று ஆரம்பித்தேன்.

“எனக்குத் தெரியாதா? நான் பாத்துக்கிடுதேன். நீ அந்த வாஷிங் மெஷின் கஸ்டமரப் பாரு.”

போனேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, போகாதீங்க, இங்கேயே உட்காருங்க, கோமதியக்கா உட்கார்ந்த மாதிரி உட்காருங்க என்று சொல்லியிருக்கலாம். முந்தின நாள்தான் ஒரு படிவத்தில் அப்படி எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு வாரத்தில் எத்தனை தடவைதான் எதிர்த்துப் பேசுவது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, வாஷிங் மெஷின் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு இரவு எங்கள் கிளை ஒன்று கூடுதலாக நின்று வென்றது. அந்த ஒன்று எது என்று உங்களுக்கே தெரியும், அண்ணாச்சி மறுபடியும் வீட்டுக்குத் தூக்கிப்போன பெட்டி.

திங்கட்கிழமை காலை கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் கடையின் பெயர் எழுதியிருந்தது. அதை வெட்டிய கையோடு மேலாளர், சொன்னபடி மகளோடு வந்து நின்ற அண்ணாச்சியிடம் சொன்னார்: “எட்டு நாள் ஆயிருச்சேண்ணாச்சி. சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது. என் கையில ஒண்ணும் இல்ல.”

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. பிரிக்காத பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இசக்கி அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு கேக் நீட்டினான். பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. அண்ணாச்சி எழுந்தார். என்னைப் பார்த்து, “சரி தாயி, நீ போன் பண்ணிச் சொன்னதே பெருசு” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். சிடி போட முடியாத பெட்டியோடு சிடியைக் கட்டியது யார் என்றும், திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு எட்டு நாள் ஆகிவிட்டது என்று சொல்வதற்கு என்ன பெயர் என்றும் கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. எனக்குத்தான் மெமோ. ‘விற்கும் பொருளைப் பற்றிய அறிவு இல்லாமல் செயல்பட்டு நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியதற்கு’ விளக்கம் கேட்டிருந்தார்கள். மன்னிப்புக் கடிதம் ஒன்றை அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. மேலாளர் அதை என்னிடம் நீட்டி, “அன்னிக்கே நெனச்சேன். ஆடு மேய்க்க வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்துவராதுன்னு” என்றார்.

ஆடு மேய்ப்பவர்கள் யாராவது மலட்டு ஆட்டைச் சினை ஆடு என்று சொல்லி விற்றால், அதற்கப்புறம் எங்கள் சந்தையில் கால் வைக்க முடியாது. அதை அவரிடம் சொன்னேன். இந்தத் தடவை கல்லாவில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

இசக்கி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நல்ல எண்ணத்தில்தான். “ஏட்டி, ஒரு கையெழுத்துதான? போட்டுட்டு வேலையப் பாரேன். மன்னிப்புக் கேட்டா கொறஞ்சா போயிருவ?”

“மன்னிப்புக் கேக்க நான் ரெடிலே. ஆனா கேக்க வேண்டிய ஆளு ஹெட் ஆபீஸ்ல இல்ல. புளியங்குடில எலுமிச்சங்கா ஏலக்கடைல இருக்காரு.”

அவர்கள் அனுப்பிய கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, நானே எழுதினேன். அட்டையைப் படிக்காமல் விற்றது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவை என் தப்பு இல்லை, அவற்றுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதன் கீழே ராஜினாமா என்று எழுதி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அந்தப் பிள்ளைக்குப் பெட்டி கெடச்சுதா?”

கிடைக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். சத்தம் போடுகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் நியாயம் கிடைத்துவிடுகிறது. கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர்களைத்தான் கடை ஏமாற்றுகிறது. அவர்களுக்கு விதி தெரியாது, நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாஷிங் மெஷின் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியங்குடிக்குப் போனேன். அண்ணாச்சி வீட்டில் அந்தப் பெட்டி பீரோ மேல் இருந்தது. பிறந்த நாள் போயே போய்விட்டது. நாடா இன்னும் கிழியவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம், விற்ற நானே சாட்சி சொல்கிறேன் என்றேன்.

“எதுக்குத் தாயி? ஒனக்குல்லா கெட்ட பேரு வரும். இப்பதான் வேற கடைல சேந்திருக்க.”

“வரட்டும்ணாச்சி. முதலாளிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.”

சொல்லியிருந்தேன். நம் முதலாளி, “நம்ம கடை மேல என்னிக்கும் இப்படிப் போயிராதம்மா” என்றார். “போக வேண்டிய மாதிரி நடந்துக்கிடாதீங்க சார்” என்றேன். அவர் சிரித்தது எந்தச் சிரிப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நேற்று மூன்று பேரும் மனு கொடுக்கத் தென்காசி பஸ்ஸில் போனோம். பெட்டி அண்ணாச்சி மடியில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிள்ளை பாதி வழியில் என் பக்கம் திரும்பியது.

“அக்கா, அன்னிக்கு மேல் தட்டுல மூணு கறுப்புப் பெட்டி இருந்துச்சே. அது காலியா?”

அண்ணாச்சி, “ஏட்டி, சும்மா வா” என்று அதட்டினார்.

“காலி இல்ல மக்கா” என்றேன். “மூணுலயும் சாமான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்.”

பிள்ளை தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் வெளியே பார்க்கத் திரும்பியது. “நான் அப்பவே சொன்னேம்லாப்பா” என்றது, ஜன்னலைப் பார்த்தபடியே.

என் சாட்சி வாக்குமூலத்தைத் தென்காசியில் அண்ணாச்சிக்காக மனு எழுதிய வக்கீல் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். நாலு பத்தி. கேட்காமல் கட்டிய சிடி, படிக்காமல் விற்ற நான், திங்கட்கிழமை, எட்டாம் நாள். படித்துப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, பின்பக்கத்தையும் திருப்பிப் படித்தேன். ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். மேல் தட்டில் பெட்டிகள் இருந்தும் இல்லை என்று இவர்களிடம் நான் பொய் சொன்னேன், அந்தப் பொய்யால்தான் இவர்கள் இந்தப் பெட்டியை வாங்க நேர்ந்தது. “இது உங்களுக்கே எதிராப் போகுமேம்மா” என்றார் வக்கீல். சேர்த்துத் தந்தார். அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.